6,500 போச்சு: ஸ்லாட் கார் பாடி வார்க்க சிலிக்கோன், ரெசின் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

இன்று காலைதான் கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்தார். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லாட் கார் என்றால் தடத்தில் உள்ள பள்ளக் கோட்டில் மின்சாரத்தில் ஓடும் குட்டி ரேஸ் கார். நான் செய்ய நினைத்தது 1:32 அளவில் (நிஜக் காரில் 32-ல் ஒரு பங்கு) ஒரு பழைய ரேஸ் கார். பாடியை நானே செதுக்கி, வீட்டிலேயே ரெசினில் மெல்லிசாக வார்த்து, கையில் இருக்கும் சேசிஸில் மாட்டி ஓட்ட ஆசை. கார் டிசைனர்கள் பயன்படுத்தும் களிமண்ணில் மாஸ்டரை, அதாவது அச்சு எடுப்பதற்கான மூல உருவத்தை, செதுக்கவே ஆறு வாரம் ஆனது. டயர் உரசக் கூடாதே என்று சக்கர வளைவை மட்டும் நாலு முறை திருத்தினேன். அப்புறம், கைவினைப் பொருள் விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் அச்சு எடுக்கச் சிலிக்கோனும், அந்த அச்சில் ஊற்றிப் பாடியை வார்க்கப் பாலியூரித்தேன் ரெசினும் சேர்ந்த செட் வாங்கினேன். 6,500.

வாங்கும் முன் போன் செய்து கேட்டேன்: “இந்தக் களிமண்ணில் கந்தகம் இருக்கும் சார், உங்கள் சிலிக்கோன் இறுகுமா?” ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அந்த மனிதர். “தினமும் நாங்களே ஊற்றுகிறோம் சார், தைரியமா ஊற்றுங்க.” போதாததற்கு, ஒரு குட்டி கார் அச்சிலிருந்து பளபளவென்று வெளியே வரும் வீடியோ வேறு. என் சந்தேகம் சரியான சந்தேகம்தான். அவர் குரலில் இருந்த உறுதியைக் கேட்டு நானே அதை விழுங்கிவிட்டேன்.

வந்தது பிளாட்டினம் வகை, அதாவது பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் சிலிக்கோன். கந்தகம் பட்டால் அது இறுகாது. மறுநாள் பிரித்தால் வெளிப்பக்கம் ரப்பர் மாதிரி கெட்டி, மாஸ்டரைத் தொட்ட பக்கம் முழுக்கக் கோந்து. ஹெட்லைட் குழியிலும் கதவுக் கோட்டிலும் அப்பிக்கொண்டது. துடைக்கத் துடைக்கக் களிமண்ணும் சேர்ந்து வந்தது.

முதலில் “கலவை விகிதம் தப்பு” என்றார். தராசில் எடை போட்ட படத்தை அனுப்பினேன். அடுத்து “உங்க ரூமில் ஈரப்பதம்” என்றார். ஈரம் கெடுப்பது பாலியூரித்தேன் ரெசினை ஐயா, நான் கேட்டது சிலிக்கோனை! அப்புறம் “டெக்னிக்கல் டீம் கூப்பிடும்”. நாலு நாள் கழித்துக் கூப்பிட்டது. அதே குரல்.

சரி, ரெசினாவது தேறும் என்று ஒரு கப்பில் கொஞ்சம் கலந்தேன். நுரைத்துப் பொங்கி ஸ்பாஞ்சாக நின்றது. ரெசினை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரில் ஏற்கெனவே ஈரம் இறங்கியிருக்கிறது. டப்பாவில் தேதி ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினால், அடியில் இன்னொரு ஸ்டிக்கர். இரண்டு வருடம் பழைய தேதி. படம் எடுத்து அனுப்பினேன், பத்தே நிமிடத்தில் பிளாக். இதற்கா 6,500?

விரிவாக டிப்ஸ் எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கந்தகக் களிமண் என்றால் டின் (வெள்ளீயம்) வகை சிலிக்கோன் வாங்குங்கள். எந்த வகையானாலும் அதே களிமண்ணில் ஒரு சின்ன உருண்டை பிடித்து, அதன்மேல் முதலில் ஊற்றிப் பாருங்கள். கடைக்காரர் பதிலை எழுத்தில் வாங்குங்கள், போனில் வேண்டாம். டப்பா வந்த அன்றே ஸ்டிக்கரைச் சுரண்டுங்கள்.