கல்லூரிக்குப் பதில் கிளப் அகாடமி: ஒரு அம்மாவின் மதிப்பீடு

அமெரிக்காவில் பள்ளி முடிக்கும் பையன் கால்பந்தில் கெட்டிக்காரனாக இருந்தால் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: கல்லூரி அணியில் சேரட்டும், உதவித்தொகை கிடைக்கும், மற்றதை அப்புறம் பார்க்கலாம். என் மகன் அந்த வழியில் போகவில்லை. எம்எல்எஸ் என்ற அமெரிக்காவின் முதன்மைக் கால்பந்து லீக்கில் ஆடும் ஒரு கிளப்பின் அகாடமியில், அதாவது இளைஞர் பயிற்சிப் பிரிவில் சேர்ந்து, அங்கிருந்து அதே கிளப்பின் இரண்டாம் அணிக்குப் போனான். கிளப்பின் பெயர் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கல்லூரியை ஏன் விட்டோம் என்றால், அங்கே ஆட்டங்கள் போதாது. ஆண்கள் கல்லூரிக் கால்பந்து ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும். 18 வயதிலிருந்து 21 வரை ஒரு ஆட்டக்காரர் வளரும் முக்கியமான வருடங்களில் இது ரொம்பக் குறைவு. பெரும்பாலும் எம்எல்எஸ் கிளப்களின் இரண்டாம் அணிகள் ஆடும் லீக்கான, 2022இல் 21 அணிகளோடு தொடங்கிய எம்எல்எஸ் நெக்ஸ்ட் புரோ இந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது. வசந்த காலத்தில் ஆரம்பித்து இலையுதிர் காலம் வரை ஆட்டம் உண்டு. எதிரே நிற்பவர்களில் வளர்ந்த ஆட்களும் இருக்கிறார்கள். முதல் சில ஆட்டங்களில் என் மகன் பந்தைத் தொடும்போதெல்லாம் ஒரு தோள் வந்து அவனைத் தள்ளிவிட்டது. பந்து வரும் முன்பே உடம்பைத் திருப்பி வைக்க அங்கேதான் கற்றுக்கொண்டான்.

பயிற்சியைப் பொறுத்தவரை குறையே சொல்ல மாட்டேன். பெற்றோரையும் உட்கார அனுமதித்த ஒரு காணொளி வகுப்பில் கோச் ஓரிடத்தில் படத்தை நிறுத்தினார். பந்து இன்னும் என் மகனிடம் வந்து சேரவில்லை. "இப்போ உன் பின்னால் யார் இருக்கா?" என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. படத்தைப் பின்னால் ஓட்டி, அவன் ஒரு முறைகூடத் தலையைத் திருப்பிப் பார்க்காததைக் காட்டினார். திட்டவில்லை, குரலும் உயரவில்லை. அடுத்த மாதம் அதே மாதிரி ஒரு காட்சியைப் போட்டபோது பந்து வருவதற்குள் அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டிருந்தான். நடுக்களத்தில் ஆடும் பையனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

படிப்பு விஷயத்தில்தான் வருத்தம். பிலடெல்பியா யூனியன் கிளப்போடு இணைந்து ஒய்எஸ்சி அகாடமி என்று ஒரு பள்ளியே நடக்கிறது. அமெரிக்க தேசிய அணி ஆட்டக்காரர் பிரெண்டன் ஆரன்சன் அங்கே படித்தவர். ஆனால் எங்கள் கிளப்பில் காலைப் பயிற்சி முடிந்த களைப்போடு ஓர் அறையில் மடிக்கணினியைத் திறந்து இணையப் பாடம். ஆசிரியர் என்று ஒருவர் வந்து போவார். கணக்கில் பின்தங்கியதை நாங்களே கண்டுபிடித்து வீட்டிலிருந்து சரிசெய்ய வேண்டியிருந்தது.

அதைவிட மோசம் ஒப்பந்தப் பேச்சு. இரண்டாம் அணியில் சம்பளம் வாங்காத அமெச்சூராகவும் ஆடலாம், சம்பள ஒப்பந்தத்திலும் ஆடலாம். அமெச்சூராக இருந்தால் பின்னால் கல்லூரி அணிக்குப் போகும் வாய்ப்பு கையில் இருக்கும். சம்பளத்துக்குக் கையெழுத்திட்டால் அது சிக்கலாகிவிடும். பிள்ளையின் எதிர்காலமே அடங்கிய இந்த விஷயத்தை கிளப்பில் யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாள் வந்தது, திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஒரு வழக்கறிஞரைப் பிடித்தோம். பிற்காலக் கல்லூரிச் செலவுக்கு கிளப் பணம் தர வேண்டும் என்ற பிரிவு, நாங்கள் கேட்ட பிறகுதான் உள்ளே வந்தது.

"புலிசிக் மாதிரி ஜெர்மனிக்கே அனுப்பியிருக்கலாமே" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அமெரிக்க நட்சத்திர ஆட்டக்காரர் கிறிஸ்டியன் புலிசிக்குக் குரோஷியக் கடவுச்சீட்டு, அதாவது ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இருந்தது, அதனால் 18 ஆகும் முன்பே ஜெர்மன் கிளப்பான டார்ட்மண்டில் ஆட முடிந்தது. அது இல்லாத அமெரிக்கப் பையன்களை, சில விதிவிலக்குகள் தவிர, 18க்கு முன் வெளிநாட்டு கிளப்பில் பதிவு செய்ய ஃபிஃபா விதி விடாது. இன்னொரு அமெரிக்க ஆட்டக்காரர் வெஸ்டன் மெக்கென்னி டல்லஸ் அகாடமியிலிருந்து ஜெர்மன் கிளப்பான ஷால்கேவுக்குப் போனதும் 2016இல், அந்த வயதை எட்டும்போதுதான். இது தெரிந்தே பணம் வாங்கிக்கொண்டு "ஐரோப்பாவில் ஒரு வருடம்" என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பையனை எந்த அணியில், எந்த லீக்கில் பதிவு செய்வார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள்.

என் மதிப்பெண்: பயிற்சிக்கு ஐந்துக்கு ஐந்து, ஆட்ட வாய்ப்புக்கு நாலு, படிப்புக்கு இரண்டு, பெற்றோரிடம் பேசும் விதத்துக்கு ஒன்று. இவ்வளவு சொன்ன பிறகும், இளைய மகனுக்கு இதே அழைப்பு வந்தால் அனுப்புவேன். ஆனால் மைதானத்தைச் சுற்றிக் காட்டும் நாளிலேயே படிப்புக்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டு, அவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் மேற்கொண்டு எதுவும்.