ஸ்டென்ட் வைத்தவருக்கு எந்த ஊசி: கோவிஷீல்டா, கோவாக்சினா, பொறுத்திருப்பதா?

2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசியான கோவாக்சின் போட்டுக்கொண்ட நடிகர் விவேக், 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். அதுவரை ஊசிக்குத் தயாராக இருந்த என் அப்பா, "எனக்கும் நெஞ்சுலதானே கோளாறு" என்று பின்வாங்கிவிட்டார். அவருக்கு வயது 67. நாள்பட்ட சர்க்கரை, இதயக் குழாய் அடைப்புக்காக 2018இல் வைத்த ஸ்டென்ட், அதில் ரத்தம் உறையாதிருக்க அன்றாடம் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும். விவேக்கின் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக்குழு சொன்னதோ அக்டோபரில்தான். ஆகவே அன்று எங்கள்முன் இருந்தவை இரண்டு ஊசிகள் மட்டுமல்ல. அலை ஓயட்டும் என்று வீட்டிலேயே இருப்பதும் மூன்றாவது வழியாக நின்றது.

கோவிஷீல்டு என்றாலே ரத்தம் உறையும் என்ற பேச்சு அப்போது தெருவெங்கும் இருந்தது. ஐரோப்பாவில் அஸ்ட்ராஜெனகா என்ற பெயரில் போடப்பட்ட இதே ஊசிக்குப் பின் தென்பட்ட அந்த அரிய பாதிப்பு, ரத்தத் தட்டணுக்களுக்கு எதிராக உடல் திரும்புவதால் வருவது. இதயக் குழாயில் கொழுப்பு படிந்து ஏற்படும் அடைப்போடு அதற்கு உறவில்லை. இந்தியாவில் 10 இலட்சம் டோஸுக்கு 0.61 என்ற அளவிலேயே அத்தகைய பாதிப்பு பதிவானதாக மே மாதத்தில் அரசு தெரிவித்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பேச்சுக்குப் பயந்து இதய நோயாளிகள் தேடிப்போன கோவாக்சினின் ஜனவரி மாதத் தகவல் தாள்தான், ரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள் அதைப் போடவேண்டாம் என்றது. கோவிஷீல்டின் தாளோ ஊசி போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லுமாறு மட்டும் கேட்டது. இரண்டுமே தசையில் போடும் ஊசிகள் என்பதால், உள்ளே ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும் வாய்ப்பும் இரண்டுக்கும் ஒன்றுதான். வித்தியாசம் மருந்தில் அல்ல, தாளை எழுதியவர்களின் எச்சரிக்கையில் இருந்தது என்பது என் கணிப்பு. அப்பாவின் இதய மருத்துவரும், எந்த ஊசியானாலும் மாத்திரையை ஒருநாள்கூட நிறுத்தக்கூடாது என்பதைத்தான் அழுத்திச் சொன்னார்.

செயலிழக்கச் செய்த முழு வைரஸைக் கொண்ட கோவாக்சினுக்குக் காய்ச்சல் குறைவு. அடுத்த டோஸும் 4 முதல் 6 வாரங்களில் கிடைத்துவிடும். கோவிஷீல்டுக்குக் காய்ச்சல் சற்றுக் கூடுதல் என்றாலும், அதன் மூன்றாம் கட்டச் சோதனை முடிவுகள் வெளிவந்து பல நாடுகளில் புழக்கத்திலும் இருந்தது.

பொறுத்திருப்பது பார்க்கப் பாதுகாப்பாகத் தோன்றினாலும், சர்க்கரை உள்ளவருக்கு அதுவே மிக ஆபத்தான தேர்வு. தொற்று வந்தால் நோய் முற்றும் வாய்ப்பு அவருக்கு அதிகம். மூச்சைக் காப்பாற்றத் தரும் ஸ்டீராய்டு சர்க்கரையை எகிறவைக்கும். அந்தச் சர்க்கரையில்தான் கருப்புப் பூஞ்சை காலூன்றும். மே மாதத்தில் தமிழ்நாட்டிலும் அந்தப் பெயர் அன்றாடச் செய்தியானது. ஊசியின் காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் தணியும் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் அப்பாவே மனம் மாறினார்.

ஏப்ரல் 27 அன்று ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கோவிஷீல்டுதான் இருந்தது, அதையே போட்டுக்கொண்டார். மாத்திரைச் சீட்டைப் பார்த்த செவிலியர், "தேய்க்காதீங்க ஐயா, அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிங்க" என்று பஞ்சை அவர் விரலடியில் வைத்தார். காசளவு கன்றிப்போன தோல் நான்கு நாளில் தெளிந்தது. அன்றிரவு காய்ச்சல் 100.4, மறுநாள் காலை வெறும் வயிற்றில் சர்க்கரை 212, மூன்றாம் நாள் வழக்கமான 140. ஜூனில் வரவேண்டிய இரண்டாவது டோஸ்தான், இடைவெளியை 12 முதல் 16 வாரங்களாக மே மாதத்தில் நீட்டியதால், ஜூலை 20க்குத் தள்ளிப்போனது. அந்த ஒரு கணக்கில் கோவாக்சின் முந்தியிருந்தது. ஜூலை வரை அப்பா வாசல் திண்ணையைத் தாண்டவில்லை.