அமர்வதா, நடப்பதா: அரியமானும் அரிச்சல்முனையும்

ஓயாத ஓட்டத்தில் மனம் அடங்க ராமநாதபுரம் கரையில் இரண்டு வழிகள்.

உச்சிப்புளி பக்கம் உள்ள அரியமான், பாக் நீரிணைக் கரை. அலை குறைவு, சவுக்கு நிழல் உண்டு, உட்கார ஏற்றது. துண்டை நான்காக மடித்து அதன் மேல் அமருங்கள். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால் முதுகு கூனும், கால் மரத்துப்போகும். வெளிவிடும் மூச்சை மட்டும் 1 முதல் 10 வரை எண்ணி, மறுபடி 1. எண்ணிக்கை 14-க்குப் போயிருந்தால் மனம் வேறெங்கோ போய்விட்டது. கோபப்படாமல் 1-க்கு வாருங்கள். 15 நிமிடம் போதும். கண் சொக்கினால் பாதி திறந்து மணலைப் பாருங்கள்.

தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனையில் காற்று வாரி இறைக்கும். உட்கார்ந்தால் கண்ணெல்லாம் மணல்தான். நடங்கள். அலை நனைத்துவிட்டுப் போன ஈரமணலில் வெறுங்காலோடு 40 காலடி, நின்று ஒரு மூச்சு, அதே தடத்தில் திரும்புதல். கரை சரிவு என்பதால் ஒரே திசையில் நடந்தால் ஒரு பக்க இடுப்பு வலிக்கும். கடலில் இறங்கவே கூடாது, நீரோட்டம் இழுத்துவிடும்.

தூக்கம் கெட்டு, கவலை அரிக்கிறவர்களுக்கு நடைதான் முதலில். பதறும் உடம்பைப் பிடித்து உட்காரவைத்தால் பதற்றம் இன்னும் கூடக்கூடும். "எதற்காக இந்தப் பாடு?" என்று கேட்கிறவர்களுக்கு அரியமான். அமர்வு முடிந்து எழுந்ததும், கைபேசியைத் தொடும் முன், இன்று யாருக்காக எதைச் செய்யப்போகிறேன் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள்.