சுமத்ராவா, ஜப்பானா: பூமியின் சுழற்சியை அதிகம் மாற்றியது எது?

2004 டிசம்பர் 26 சுமத்ரா, 2011 மார்ச் 11 ஜப்பான். இரண்டுமே ஏறத்தாழ 9 அளவு கொண்ட நிலநடுக்கங்கள்தான். ஆனால் பூமியின் சுழற்சியில் இவை விட்ட தடம் வேறுவேறு.

நாசா விஞ்ஞானி ரிச்சர்ட் கிராஸின் கணக்குப்படி, சுமத்ரா ஒரு நாளின் நீளத்தை 6.8 மைக்ரோநொடி குறைத்தது, ஜப்பான் 1.8 மட்டுமே. (ஒரு மைக்ரோநொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) பாறைத்தட்டு கீழே செருகும்போது நிறை பூமியின் மையத்தை நோக்கி நகர்கிறது, கைகளை மடக்கிக்கொண்ட நடனக்காரர் வேகமாகச் சுழல்வதைப் போல, பூமியும் துளி விரைகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் நடந்ததால் நாளின் நீளத்தில் சுமத்ராவின் கை ஓங்கியது.

அச்சில் நிலைமை தலைகீழ். பூமியின் நிறை சமநிலை கொள்ளும் அச்சை ஜப்பான் சுமார் 17 செ.மீ. நகர்த்தியது, சுமத்ரா 7 செ.மீ.தான். இது வட, தென் துருவங்களை இணைக்கும் சுழல் அச்சு அல்ல; பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். அச்சை அசைக்க, ஜப்பானைப் போல நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இடைப்பட்ட நடு அட்சரேகைப் பகுதிகளே ஏற்றவை.

நாளின் நீளத்தில் இரண்டுமே காற்றுக்கு ஈடாகாது. பருவத்துக்கேற்ப மாறும் காற்றுகள் ஆண்டுதோறும் அதை மில்லிநொடி (ஆயிரம் மைக்ரோநொடி) அளவில் கூட்டிக் குறைக்கின்றன. அந்த இரைச்சலில் இந்த மைக்ரோநொடிகளை நேரடியாக அளப்பது மிகக் கடினம்.