ஐந்து மணிக்கே எழுதப்பட்ட ஏழு மணி

பர்மிங்காமில் பதினோரு வருடமாக ஐ.சி.யூ. நர்ஸ் நான். பொங்கலுக்கு ஊர் வந்த நான்காம் நாள் அப்பாவுக்கு நிமோனியா. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வென்டிலேட்டர் வைத்தார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாசலில் இறங்கியதும் ஸ்ட்ரெச்சர் வந்தது. அரை மணி நேரத்துக்குள் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்தன. மெஷின்களும் எங்கள் யூனிட்டுக்குக் குறைந்தவை அல்ல.

பார்வை நேரம் காலை பதினொன்று, மாலை ஐந்து. தலா பத்து நிமிடம். மூன்றாம் நாள் காலை அப்பா இடப்பக்கம் சாய்ந்து படுத்திருந்தார், முதுகுக்குப் பின்னால் பெட்டடைன் கறை பட்ட தலையணை. மாலையிலும் அதே பக்கம், அதே தலையணை, கறை அதே மூலையில். உதடு வெடித்து, நாக்கில் வெள்ளை படர்ந்திருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்ததைக் குறிக்கும் சார்ட்டைப் பார்த்தேன். ஒரு மணிக்கு மல்லாந்து, மூன்றுக்கு வலது, ஐந்துக்கு மல்லாந்து. ஏழு மணிக் கட்டமும் நிரம்பியிருந்தது!

கோபம் வந்தது. அப்புறம் எண்ணிப் பார்த்தேன்: ஒன்பது படுக்கை, மூன்று சிஸ்டர். இங்கிலாந்தில் வென்டிலேட்டர் நோயாளிக்கு ஆளுக்கொரு நர்ஸ் என்பதுதான் கணக்கு. அப்பாவைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் மருந்து நேரத்தைத் தவறவிடவில்லை, சளி உறிஞ்சுவதையும் விடவில்லை. தவறினால் அலாரம் அடிக்கிற வேலை நடந்துவிடுகிறது. வாய் துடைக்காவிட்டால் எந்த மெஷினும் கத்தாது. ஆள் குறைந்த இரவுகளில் நானும் இப்படி டிக் போட்டவள்தான்.

விடுபட்ட வேலையைச் சார்ட்டை வைத்து அளக்க முடியாது என்பது இதனால்தான். அமெரிக்காவின் மிச்சிகனில் நர்சிங் பேராசிரியர் பியாட்ரிஸ் கலிஷ் 2006இல் நர்ஸ்களிடமே பேசி, நடக்க வைப்பது, பக்கம் மாற்றுவது, உணவு கொடுப்பது என அடிக்கடி விடுபடுபவற்றை எழுதினார். 2009இல் வந்த அவருடைய ‘மிஸ்கேர்’ வினாத்தாள் “செய்தாயா?” என்று கேட்பதில்லை, “உங்கள் யூனிட்டில் இது எவ்வளவு அடிக்கடி விடுபடுகிறது?” என்று கேட்கிறது. 24 வேலைகள், அப்புறம் அவை விடுபடுவதற்கான 17 காரணங்கள். பொறுப்பு யூனிட் முழுவதற்கும் என்பதால் பயமில்லாமல் பதில் வரும்.

அன்றிரவு வெளியே டீ குடிக்க வந்த அந்த சிஸ்டரிடம் கைபேசியில் அந்த வினாத்தாளைக் காட்டினேன். “தினம் மூன்று முறை நடக்க வைப்பது” என்ற வரியில் சிரித்துவிட்டாள். “வென்டிலேட்டரோடயா அக்கா?” சரிதான், அது வார்டை நினைத்துச் செய்தது, ஐ.சி.யூ.வுக்கு அப்படியே பொருந்தாது. கண்ணுக்கு மருந்து விடுவது, தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு உயர்த்தி வைப்பது போன்றவற்றைச் சேர்க்க வேண்டும்.

காரணங்கள் பகுதிக்கு வந்ததும் மெதுவாகப் படித்தாள்.

“இன்சூரன்ஸ் ஃபைல்னு தனியா போடலையா அக்கா? எனக்கு ஒரு டியூட்டில ரெண்டு மணி நேரம் அதுக்கே போகுது.”

மறுநாள் மாலை அவள் அனுமதியோடு அப்பாவின் வாயை நானே துடைத்தேன். அவள் ஃபைலோடு பில்லிங் கவுண்டருக்குப் போயிருந்தாள்.