ஃபயர்ஃப்ளையா, புஷிங் டெய்ஸிஸா: எதை முதலில் பார்ப்பது?

இரண்டுமே பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்கத் தொடர்கள். ஃபயர்ஃப்ளை ஒரு விண்கப்பலில் நடக்கும் கதை, புஷிங் டெய்ஸிஸ் துப்பறியும் கதை. இவற்றைப் போல இன்னொன்று இன்றுவரை வரவில்லை என்பது என் எண்ணம்.

நேரம்
ஃபயர்ஃப்ளை (2002): 14 பகுதிகள்.
டெய்ஸிஸ் (2007–2009): 22 பகுதிகள், இரண்டு பருவங்கள்.

வரிசை
ஃபயர்ஃப்ளை: பலர் சறுக்குவது இங்கேதான். ஃபாக்ஸ் நிறுவனம் நீளமான அறிமுகப் பகுதியான ‘செரினிட்டி’யை ஒதுக்கிவிட்டு ‘தி டிரெயின் ஜாப்’பில் தொடங்கியது. அறிமுகம் டிசம்பரில், கடைசியாக வந்தது. மூன்று பகுதிகள் அப்போது ஒளிபரப்பாகவே இல்லை. அந்த வரிசையில் பார்த்தால் சைமனும் அவன் தங்கை ரிவரும் விண்கப்பலுக்கு வந்த கதையே சரியாகப் பிடிபடாது. டிவிடி வரிசையில் பாருங்கள்.
டெய்ஸிஸ்: குழப்பமில்லை, ஆனால் முதல் பகுதியைத் தவறவிடாதீர்கள். நாயகன் நெட் தொட்டால் இறந்தவர் எழுவார். மறுபடி தொட்டால் நிரந்தரமாக இறப்பார். ஒரு நிமிடம் தாண்டினால் பக்கத்தில் வேறோர் உயிர் போகும். இந்த விதிகள்தான் முழுக்கதைக்கும் அச்சாணி.

தோற்றம்
ஃபயர்ஃப்ளை: புழுதி, துப்பாக்கி, ஓசையே இல்லாத விண்வெளி.
டெய்ஸிஸ்: கண்ணைப் பறிக்கும் நிறங்கள், கதைசொல்லியின் குரல்.

முடிவு
ஃபயர்ஃப்ளை: 2005இல் அதே நடிகர்களோடு திரைப்படம் வந்தது. அதன் பெயரும் ‘செரினிட்டி’தான், 14 பகுதிகளையும் முடித்தபின் பாருங்கள், ரிவரின் மர்மத்துக்கு விடை அதில் இருக்கிறது.
டெய்ஸிஸ்: கடைசிப் பகுதியின் இறுதி நிமிடங்களில் அவசர முடிச்சு. மனம் வலிக்கும்.

நிறைவான முடிவு வேண்டுவோருக்கு ஃபயர்ஃப்ளை. தினம் ஒரு துப்பறியும் கதை, கொஞ்சம் காதல் போதும் என்றால் டெய்ஸிஸ்.