ஹை-எஃபிஷியன்சி ஃபர்னஸ்: பல பனிப்புயல்களைப் பார்த்த பிறகு

டொராண்டோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் கிடந்த, வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸை எடுத்துவிட்டு, 96 சதவீதத் திறன் கொண்ட கேஸ் ஃபர்னஸ் போட்டுப் பல குளிர்காலம் ஆகிவிட்டது. பில் குறைந்தது, சத்தம் குறைந்தது, வீடு முழுக்கச் சூடு சீராக வருகிறது. ஆனால் விற்பவர்கள் வாய் திறக்காத ஒரு விஷயம் இருக்கிறது. புயல் அடித்தால் இதற்குத் தொந்தரவு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியிலிருந்துதான் வரும்.

பழைய ஃபர்னஸின் புகை கொதிக்கக் கொதிக்கப் புகைபோக்கி வழியாகக் கூரைக்கு மேலே போகும். புதியது அந்தப் புகையின் சூட்டையும் பிழிந்து எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுவது வெதுவெதுப்பான ஈரக்காற்று. அதைப் பக்கவாட்டுச் சுவரில் துளைபோட்டு பிவிசி குழாய் வழியே வெளியே விடுகிறார்கள். உள்ளே காற்று எடுக்க இன்னொரு குழாய். எங்கள் வீட்டில் இரண்டும் முழங்கால் உயரத்தில், இரண்டு வீடுகளுக்கு நடுவே உள்ள சந்தில் இருக்கின்றன. காற்று பனியைக் கொண்டுவந்து குவிப்பதும் சரியாக அங்கேதான். 2022 ஜனவரி 17 புயலில் நகரின் சில பகுதிகளில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அன்று இரண்டு குழாயும் கண்ணிலேயே படவில்லை.

அப்போது உள்ளே நடப்பது இதுதான்: சின்ன விசிறி ஓடத் தொடங்கும், நெருப்பு பற்றாது, நின்றுவிடும். திரும்பவும் முயலும். சில முறைக்குப் பிறகு தானே பூட்டிக்கொள்ளும். எங்கள் ஃபர்னஸில் சிவப்பு விளக்கு மூன்று முறை கண் சிமிட்டியது. மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் பார்த்தால் ‘பிரஷர் ஸ்விட்ச்’. புகை போக வழியில்லை என்று அர்த்தம். இதைக் கோளாறு என்று சொல்ல மாட்டேன், அது நம்மைக் காப்பாற்றுகிறது.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணர் அன்றைக்குச் சொன்னார்: “மெக்கானிக்கைக் கூப்பிட முதல் வெளியில போய்க் குழாயைப் பாரும், தம்பி.” கையால்தான் பனியை விலக்க வேண்டும். குளிரில் பிவிசி மொறுமொறுவென்று ஆகிவிடும், ஷவல் பட்டால் உடையலாம். குழாயின் வாய்க்குள் பனிக்கட்டி பிடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். சூடு வந்துவிட்டது.

உறைபனி மழை பெய்தால் கேஸ் மீட்டரையும் ஒரு பார்வை பார்த்துவிடுவேன். கூரையிலிருந்து சொட்டும் நீர், கேஸ் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் மேல் உறைந்து அதன் காற்றுத்துளையை அடைக்கக்கூடும். மெல்லிய பனியைப் பிரஷ்ஷால் தள்ளலாம். கட்டியாகப் பிடித்திருந்தால் தட்டாமல் கேஸ் கம்பெனியைக் கூப்பிடுவதே நல்லது.

ஒரு முறை குழாய் சுத்தமாக இருந்தும் அதே மூன்று சிமிட்டல். வந்த கம்பெனிக்காரர் ஃபர்னஸின் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். இன்னொருவரைக் கூப்பிட்டேன். டிஎஸ்எஸ்ஏ (ஒண்டாரியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) உரிமம் வைத்திருந்த அவர், புகை குளிரும்போது உண்டாகும் தண்ணீர் வடியும் ட்யூபைக் கழற்றினார். உள்ளே பழுப்பாகக் கொழகொழவென்று ஒரு அடைப்பு. கழுவி மாட்டினார், வேலை முடிந்தது. அன்றிலிருந்து செப்டம்பரிலேயே சர்வீஸ் செய்துவிடுகிறோம். முதல் பனி விழுந்தபின் கூப்பிட்டால் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

கரண்ட் போனால் கேஸ் இருந்தும் பயனில்லை. விசிறிக்கும் பற்றவைப்பதற்கும் மின்சாரம் வேண்டும். 2013 டிசம்பர் உறைபனி மழையில் டொராண்டோவில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனபோது பல வீடுகள் குளிர்ந்தது இப்படித்தான். அந்த மாதிரி நேரத்தில் அடுப்பையோ கரி கிரில்லையோ வீட்டுக்குள் மூட்டவே கூடாது. அதில் கிளம்பும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் எங்கள் ஒண்டாரியோ மாகாணத்தில் 2014 முதல் கட்டாயம். அதன் முதுகில் காலாவதித் தேதி இருக்கும், அதையும் பாருங்கள்.

மறுபடி வாங்கினாலும் இதே வகைதான். ஆனால் விலையில் பேரம் பேசுவதைவிட, வளைவு வைத்துக் குழாயை இன்னும் இரண்டடி உயர்த்தித் தரச் சொல்லி மல்லுக்கட்டுவேன்.